கைப்பிடிக் கீரையும் ராகி ரொட்டியும்: ஓர் அல்சூர் பால்கனியின் கணக்கு

7 ஜனவரி 2024

பெங்களூர் ராமமூர்த்தி நகரிலிருந்து ஒரு அக்கா இங்கே கேட்டிருந்தார்: "கோதுமை சப்பாத்தியை விட்டுவிட்டு ராகி ரொட்டி, சோள ரொட்டி என்று மாறலாம் என இருக்கிறேன். அதற்கான கீரை, காய்களையும் பால்கனியிலேயே போட்டுக்கொள்ள ஆசை. பால்கனி பத்துக்கு நாலு அடிதான். நடக்குமா, இல்லை வீடியோவில் காட்ட மட்டும்தானா?"

நடக்கும். தக்காளி மட்டும் போடாதீர்கள். கத்தரியும் வேண்டாம். அல்சூரில் இதே அளவு பால்கனியில் நாலு வருடமாக மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கிறேன், முதல் இரண்டு வருடம் முழுக்க நஷ்டம். நஷ்டத்துக்குக் காரணம் பூச்சியோ வெயிலோ இல்லை, என் பேராசை. இந்த இடம் ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடிதான் கொடுக்கும். கீரை மசிக்க இரண்டு கட்டு வேண்டும், சாம்பாருக்குக் கால் கிலோ கத்தரிக்காய் வேண்டும், இதையெல்லாம் தொட்டியிடம் கேட்டால் அது எங்கே போகும்? ரொட்டி மாவில் பிசைய ஒரு கைப்பிடி கீரை, ரெண்டு மிளகாய், கொஞ்சம் வெங்காயத்தாள் போதும். அதனால் ரொட்டிக்குள் போகிறதை மட்டும் வளருங்கள்.

என்னிடம் இப்போது இருப்பது: வெந்தயக்கீரை மூன்று தொட்டி (பத்து நாள் இடைவெளியில் விதைத்தது), சப்சிகீரை ஒன்று, கொத்தமல்லி ஒன்று, மிளகாய் இரண்டு, வெங்காயத்தாள் ஒரு பழைய பெயின்ட் டப்பாவில், பெரிய நீல டிரம்மில் முருங்கை. சப்சிகீரை என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும், தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு சதகுப்பை என்று சொன்னால் நாட்டு மருந்துக்கடைதான் ஞாபகம் வரும். அதன் இலைதான் இது.

8 ஜனவரி

ரொட்டி உடைகிறது, விரிசல் விடுகிறது என்று மூன்று பேர் சொல்லியிருக்கிறீர்கள். ராகியில் குளூட்டன் கிடையாது. கோதுமை மாவு பச்சைத் தண்ணீரிலேயே இழுபடும், ராகியும் சோளமும் அப்படி இழுபடாது, அதற்குக் கொதிநீர்தான் பசை. சூட்டில் மாவுச்சத்து கொஞ்சம் வெந்து கூழாகிறது, அந்தக் கூழ்தான் மீதி மாவைப் பிடித்து நிற்கிறது. பக்கத்து வீட்டு ஆண்ட்டி துமகூருப் பக்கம், நான் முதல்முறை குழாய்த் தண்ணீரில் பிசைந்ததைப் பார்த்துவிட்டு "பிசி நீரு, பிசி நீரு" (கன்னடத்தில் சுடுதண்ணீர்) என்று கத்திக்கொண்டே வந்து பாத்திரத்தைப் பிடுங்கினார்.

அவர் சொன்னபடி நான் செய்வது இது. ஒரு கப் மாவுக்கு ஒரு கப் தண்ணீர் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்து, மாவைக் கொட்டி, கரண்டிக் காம்பால் நாலு சுற்று சுற்றி, மூடி வைத்துப் பத்து நிமிடம் அந்தப் பக்கமே போகக்கூடாது. அப்புறம் கை பொறுக்கும் சூட்டில் கீரை, பொடியாக நறுக்கிய வெங்காயம், மிளகாய், சீரகம், ஒரு பிடி தேங்காய்த்துருவல் போட்டு நன்றாக அழுத்திப் பிசைய வேண்டும். வெங்காயமும் கீரையும் தண்ணீர் விடும், அதனால் முதலிலேயே தளர்த்திவிடாதீர்கள். ஈரத்துணியிலோ வாழையிலையிலோ தட்டி, நடுவில் விரலால் மூன்று நாலு குழி போட்டு, கல்லில் கவிழ்த்து, குழிகளில் எண்ணெய் விட்டு மூடி வைத்தால் சரியாக வேகும். ஒரு கப்புக்கு மூன்று ரொட்டி.

எங்கள் வீட்டில் இதற்குப் பெயரே தகராறு. அம்மா தர்மபுரிப் பக்கம். கேவுரு அடை என்பார், முருங்கைக்கீரை தவிர வேறெதுவும் போடக்கூடாது என்பார். ஆண்ட்டிக்கு ராகி ரொட்டி, சப்சிகீரை இல்லாமல் செய்தால் ரொட்டியே இல்லை. சாப்பிடுகிற எனக்கு இரண்டும் அண்ணன் தம்பிதான்.

8 ஜனவரி, இரவு

உப்பு சொல்ல மறந்துவிட்டேன். கொதிக்கும் தண்ணீரிலேயே போட்டுவிடுங்கள்.

21 ஜனவரி

மண் கலவை. செம்மண் ஒரு பங்கு, தேங்காய்நார்த் தூள் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. லால்பாக் பக்கத்தில் சித்தாபுராவில் வரிசையாக நர்சரிகள் இருக்கின்றன, எல்லாம் ஒரே நடையில் முடிந்துவிடும். நார்த்தூளைக் கட்டியாக விற்பார்கள், ஐந்து கிலோ கட்டியை ஊறவைத்தால் அண்டா நிரம்பி வழியும், முதல்முறை எங்கள் குளியலறையே போனது. ஊறவைத்த தண்ணீரை இரண்டு தடவையாவது வடித்துக் கொட்டுங்கள், நாரில் உப்பு இருக்கும். அதைக் கழுவாமல் போட்டு என் முதல் கொத்தமல்லி முழுக்க மஞ்சளாகிச் செத்தது, அப்போது விதைக்காரரைத் திட்டினேன், பாவம்.

கொத்தமல்லி முளைக்கவில்லை என்கிறவர்களுக்கு: மல்லியை உருட்டுக்கட்டையால் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து விதையுங்கள். முளைக்க எட்டு பத்து நாள் ஆகும், தினமும் தோண்டிப் பார்க்காதீர்கள். வெந்தயம் மூன்றாம் நாளே தலைகாட்டிவிடும், சமையலறை டப்பாவில் இருக்கிற வெந்தயமே போதும், அடர்த்தியாகத் தூவுங்கள், இருபது இருபத்தைந்து நாளில் அறுக்கலாம். பொறுமை இல்லாதவர்களுக்கென்றே படைத்த கீரை.

வெயில்: எனக்குக் கிழக்குப் பார்த்த பால்கனி, பதினொரு மணிக்கு வெயில் போய்விடும். கீரைக்கு நாலு மணி நேரம் போதும். காய்க்கிற செடிக்கு ஆறு மணி நேரமாவது வேண்டும். தக்காளி வேண்டாம் என்று நான் சொன்னதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

3 பிப்ரவரி

அவரை சீசன் முடியப் போகிறது, யாரும் பேசவே இல்லையே! ஊற வைத்துத் தோல் பிதுக்கிய பருப்பை எங்கள் ஊரில் பிதுக்கம்பருப்பு என்போம், இங்கே ஹிதிகிட பேளே. அதை முக்கால் வேக்காடு வேகவைத்து, அரிசி மாவு, சப்சிகீரை, பச்சைமிளகாயோடு பிசைந்து அக்கி ரொட்டி தட்டினால் தொட்டுக்கொள்ள எதுவும் வேண்டாம். ஆரோக்கியமா என்று கேட்காதீர்கள், அவரை சீசனில் அப்படிக் கேட்பது பாவம். பிதுக்குவதற்குத்தான் ஆள் வேண்டும். ஒரு கிலோ பிதுக்க நானும் அம்மாவும் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம், அதில் கால்வாசி நேரம் சொந்தக்காரர் வீட்டுப் பஞ்சாயத்து.

18 பிப்ரவரி

கல்லில் நேரடியாகத் தட்டும் முறையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆறிய கல்லில் எண்ணெய் தடவி மாவை வைத்துத் தட்டி, பிறகு அடுப்பில் ஏற்றுவது. ரொட்டி மெலிதாக வரும், கவிழ்க்கிற வம்பு இல்லை. அடுத்த ரொட்டிக்குக் கல் மறுபடி ஆற வேண்டும் என்பதுதான் சங்கடம். அவசரத்தில் நான் சூட்டோடு சூடாகக் கல்லைக் குழாய்க்குக் கீழே காட்டினேன். 'டங்' என்று ஒரு சத்தம். அம்மா கல்யாணத்துக்கு வந்த வார்ப்பிரும்புக் கல், ஓரத்திலிருந்து நடு வரைக்கும் கீறல். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

வார்ப்பிரும்புக்குத் திடீர் குளிர்ச்சி ஆகாது. இரண்டு கல் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றித் தட்டுங்கள், இல்லையென்றால் துணியில் தட்டிக் கவிழ்த்துக்கொள்ளுங்கள். கீறல் விட்ட கல் இப்போது முருங்கை டிரம்முக்கு அடியில் இருக்கிறது.

11 மார்ச்

தண்ணீர். எங்கள் தெருவில் போர்வெல்லில் காற்றுதான் வருகிறது, டேங்கர் சொன்னால் மூன்று நாள் கழித்து வருகிறது. குடிநீரைச் செடிக்கு ஊற்றினால், கார் கழுவினால் ஐயாயிரம் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்துவிட்டது. பால்கனித் தொட்டியை வந்து பார்ப்பார்களா என்று ஒருவர் கேட்கிறார். பார்க்கிறார்களோ இல்லையோ, பக்கத்து வீட்டில் குடத்தோடு நிற்கும்போது நான் செடிக்குக் குழாயைத் திறந்தால் எனக்கே கூசும்.

இப்போது என் செடிகளுக்குப் போவது அரிசி கழுவிய தண்ணீர், காய்கறி அலசிய தண்ணீர், அப்புறம் குடிநீரைச் சுத்திகரிக்கிற ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளுகிற தண்ணீர். கடைசியாகச் சொன்னதுதான் பெரிய வரவு, நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர். இத்தனை நாள் சாக்கடைக்கு விட்டோமே என்று இருக்கிறது. எல்லோரும் பிடித்து வையுங்கள்.

28 ஏப்ரல்

மேலே ஆர்ஓ தண்ணீர் பற்றிச் சொன்னதை நம்பி யாராவது ஊற்றிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். தப்பு என்னுடையது.

ஒன்றரை மாதத்தில் தொட்டி மண்ணின் மேல் வெள்ளையாகப் பொறுக்கு கட்டிவிட்டது, சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தால் கரிக்கிறது. வெந்தய இலை நுனி கருகியது, மிளகாய் பூவெல்லாம் உதிர்ந்தது. யோசித்தால் எளிய விஷயம். போர்வெல், டேங்கர் தண்ணீரில் ஏற்கெனவே உப்பு அதிகம், இயந்திரம் அந்த உப்பைப் பிரித்து இந்தத் தண்ணீரில்தான் தள்ளுகிறது. தரையில் மழை பெய்தால் உப்பு கீழே இறங்கிவிடும், தொட்டியில் எங்கே இறங்கும்? தண்ணீர் ஆவியாகிறது, உப்பு உட்கார்ந்துகொள்கிறது. இந்த ஏப்ரலில் ஒரு சொட்டு மழை இல்லை, வெயிலும் பெங்களூர் வெயிலா இது என்கிற மாதிரி. இனிமேல் அந்தத் தண்ணீர் தரை துடைக்கவும் கழிவறைக்கும் மட்டும். செடிக்கு அரிசித் தண்ணீர் போதும், மேலே காய்ந்த சருகு இரண்டு அங்குலம் போட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றினால் சமாளிக்கிறது.

முருங்கை மட்டும் எதையும் கண்டுகொள்ளவில்லை. அதைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது.

4 மே

மழை! தொட்டிகளை எல்லாம் கம்பிக்கு வெளியே தள்ளி நனைய விட்டேன். பொறுக்கு பாதி கரைந்துவிட்டது.

12 மே

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். ராகி ரொட்டி சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்று இங்கே இரண்டு பேர் அடித்துச் சொல்கிறீர்கள். ஜனவரியில் என்னிடம் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அம்மாவுக்குப் பதினோரு வருடமாகச் சர்க்கரை. காலையில் மூன்று ராகி ரொட்டி, தொட்டுக்கொள்ள வெறும் காரச் சட்னி, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 212. கருவி பழுது என்று மறுநாளும் பார்த்தேன், 205. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு அட்டவணையை எடுத்துப் பார்த்தால் மாவுச்சத்தில் ராகிக்கும் கோதுமைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ராகிக்குப் பெருமை சேர்ப்பது கால்சியம், நூறு கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம், அரிசியோ கோதுமையோ கிட்டவே வராது. நார்ச்சத்தும் அரிசியைவிட எவ்வளவோ அதிகம். அதற்காக மூன்று ரொட்டி தின்றால் அது மூன்று ரொட்டிதான். நைசாக அரைத்த மாவு இன்னும் சீக்கிரம் ஏற்றும்.

அப்புறம் மாற்றியது: இரண்டு ரொட்டி, மாவில் கீரையை ஒரு கைப்பிடிக்குப் பதில் இரண்டு, கூடவே நிலக்கடலைச் சட்னி, ஒரு கிண்ணம் பயறு சுண்டல். 160, 170க்குள் நிற்கிறது. இது என் அம்மா உடம்புக்கு. உங்கள் கருவியில் உங்கள் எண்ணைப் பாருங்கள், மாத்திரையை மட்டும் ரொட்டியை நம்பி நிறுத்தாதீர்கள். போன மாதம் எங்கள் உறவில் ஒருவர் நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரியில் நாலு நாள் படுத்து வந்தார்.

ஒரு கைப்பிடிக்கு இரண்டு கைப்பிடி என்றதும் என் பால்கனிக் கணக்கு இடிக்கிறது, தெரியும். வெந்தயத் தொட்டி மூன்றை ஐந்தாக்கியாகிவிட்டது.

13 மே

முளைகட்டிய ராகி மாவில் செய்யலாமா என்றால், கஞ்சிக்கு அருமை, சத்தும் உடம்பில் நன்றாகச் சேரும். ரொட்டிக்குப் பிசுபிசுவென்று ஒட்டும், முளைக்கும்போதே மாவுச்சத்து உடைந்து சர்க்கரையாகத் தொடங்கிவிடுவதால் பிடிமானம் இருக்காது, கல்லில் சீக்கிரம் கருகவும் செய்யும். வேண்டுமானால் நாலு பங்கு சாதா மாவுக்கு ஒரு பங்கு.

9 ஜூன்

ஒரு ஒப்புதல் வாக்குமூலம். எல்லோருக்கும் தக்காளி வேண்டாம் என்று சொன்ன நான், பிப்ரவரியில் யாருக்கும் தெரியாமல் இரண்டு தக்காளி நட்டேன். ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக், இலைச்சுருட்டை வைரஸ், வாடல், இலைக்கருகல் மூன்றையும் தாங்கும் ரகம். தாங்கியது. செடிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆள் உயரம் வளர்ந்தது. மாடிக்கு வெயில் தேடிக் கொண்டுபோனேன், வீட்டு ஓனர் தளம் ஒழுகும் என்று மறுநாளே இறக்கச் சொன்னார். அவரையும் குறை சொல்ல முடியாது, தண்ணீர் குடித்த மண் லிட்டருக்கு ஒரு கிலோவைத் தாண்டும், இருபது தொட்டி என்றால் ஒரு ஆள் கூட்டமே மேலே நிற்கிற மாதிரி.

மொத்த அறுவடை ஏழு. அதில் நாலுக்கு அடிப்பக்கம் கறுத்துத் தோல் மாதிரி ஆகிவிட்டது. மூன்று தக்காளியில் ரசம் வைத்தோம். தொட்டி, உரம், குச்சி எல்லாம் சேர்த்தால் ஒரு பழம் இருநூறு ரூபாய்க்கு மேல் வரும், சிரிக்காதீர்கள்.

10 ஜூன்

சிரித்துவிட்டீர்கள். சரி.

23 ஜூன்

அடி கறுத்ததற்கு முட்டை ஓட்டைப் பொடித்துப் போடச் சொல்லி ஐந்து பேர். கால்சியம் குறைவுதான், ஆனால் என் மண்ணில் கால்சியத்துக்குப் பஞ்சமில்லை, இங்கத்துப் போர்வெல் தண்ணீர் கெட்டிலில் படிகிற படிவைப் பாருங்கள். ஒருநாள் வெள்ளம், மூன்று நாள் வறட்சி என்று தண்ணீர் விட்டால் வேரிலிருந்து காய்க்குக் கால்சியம் போய்ச் சேராது. மார்ச் ஏப்ரலில் நான் விட்டது அப்படித்தான். முட்டை ஓடு கரைய மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் செடியே போய்விடும். ஓட்டை உரக்குழியில் போடுங்கள்.

வெள்ளை ஈக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு ஐந்து மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் படும்படி. காலையில் அடித்துவிட்டு வெயிலில் இலை பொசுங்கியது என்று சண்டைக்கு வராதீர்கள்.

17 ஆகஸ்ட்

புறா. விதைத்த வெந்தயம் முழுக்கக் காலி, அதோடு தொட்டியிலேயே இரண்டு முட்டை. அம்மா தொடக்கூடாது என்றுவிட்டார். ஒரு தொட்டி பிரசவ வார்டு ஆகிவிட்டது.

8 செப்டம்பர்

சோள ரொட்டி எனக்கு வரவே இல்லை என்று ஜனவரியிலிருந்து யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். கடை மாவில் எத்தனை கொதிநீர் ஊற்றினாலும் தட்டும்போதே ஓரம் கிழிந்து இந்திய வரைபடம் மாதிரி வந்தது. கலபுரகியிலிருந்து வந்து எங்கள் அலுவலகத்தில் வேலை செய்கிற பையன் கேட்டான், "மாவு எத்தனை நாளாச்சு சார்?" பாக்கெட்டைப் பார்த்தால் மூன்று மாதம். அவர்கள் வீட்டில் பத்து நாளுக்கு மேல் வைக்கவே மாட்டார்களாம், பழைய சோள மாவு பிடிக்காது.

முழுச் சோளம் ஒரு கிலோ வாங்கி மிஷினில் அரைத்தேன். முன்னால் யாரோ மிளகாய் அரைத்திருந்தார்கள் போல, முதல் நாள் ரொட்டி காரமாக இருந்தது, ஆனால் வட்டமாக இருந்தது! கம்பு மாவு இன்னும் மோசம், அதில் கொழுப்பு அதிகம், ஒரு வாரத்தில் கசந்துவிடும். ஜனவரியில் நான் எழுதியதில் கொதிநீரை மட்டும் சொல்லிவிட்டு மாவின் வயதைச் சொல்லவில்லை. அப்போது உடைகிறது என்று சொன்ன மூன்று பேரும் தயவுசெய்து பாக்கெட்டைத் திருப்பித் தேதியைப் பாருங்கள்.

20 அக்டோபர்

ஒரு வாரமாக மழை. கொத்தமல்லி அழுகியது, ஐந்து வெந்தயத் தொட்டியில் இரண்டு போனது. தொட்டியின் துளையை மண் அடைத்துவிட்டால் மேலே குளம் கட்டும், துளையின் மேல் ஓட்டாஞ்சில்லு ஒன்று வைத்துவிட்டு மண் போட்டிருக்க வேண்டும். கீழ் வீட்டுக்காரர் துணியில் செம்மண் சொட்டியது என்று மேலே வந்தார். திட்டத்தான் வந்தார், அடுப்பில் ரொட்டி இருந்தது, இரண்டு சாப்பிட்டுவிட்டு தட்டு வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். எல்லாத் தொட்டிக்கும் அடியில் தட்டு வைத்தாகிவிட்டது.

1 டிசம்பர்

ராமமூர்த்தி நகர் அக்கா பதில் போட்டிருக்கிறார். கிட்டத்தட்டப் பதினோரு மாதமாக எல்லாவற்றையும் படித்தாராம், ராகி ரொட்டி வாரத்தில் நாலு நாள், வெந்தயமும் சப்சிகீரையும் வருகிறது, இப்போது தக்காளி நாற்று வாங்கி வந்திருக்கிறாராம், எந்தத் தொட்டி என்று கேட்கிறார்.

பன்னிரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் எடுங்கள் அக்கா. தண்ணீரைத் தினமும் ஒரே அளவாக விடுங்கள். எனக்கும் நர்சரியில் ஒன்று கூட வாங்கி வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன்.